சயான் பார்க்ல பாறையைத் தவிர என்ன உயிர் இருக்கு? பொண்ணு கேக்குறா, எனக்கு பதில் தெரியல

கோடைமழை_ஃபீனிக்ஸ் எழுதியது:

வணக்கம் மக்களே. ஏப்ரல் முதல் வாரம் யூட்டாவுல இருக்குற சயான் நேஷனல் பார்க் போறோம். நான், வீட்டுக்காரம்மா, ஊர்லேந்து வந்திருக்குற எங்க அம்மா, அப்புறம் நாலாவது படிக்கிற பொண்ணு. ரெண்டு வருஷம் முன்னாடி நான் மட்டும் ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸோட ஒரு நாள் போயிட்டு வந்தேன், செவப்பு பாறை, ஆறு, ஏகப்பட்ட கூட்டம், அவ்ளோதான் மனசுல நிக்குது. இப்ப பொண்ணுக்கு ஸ்கூல்ல ஒரு இடத்தை எடுத்துக்கிட்டு அங்க இருக்குற உயிரினங்களைப் பத்தி எழுதச் சொல்லிருக்காங்க, அவ சயானை எடுத்துக்கிட்டா, எடுத்துட்டு "அப்பா அங்க வெறும் பாறைதானே, பாறையில எது வாழும்"னு என்கிட்டயே கேக்குறா. மான், அணில்னு ரெண்டு பேரு சொல்லிட்டு நிறுத்திட்டேன், அதுக்கு மேல நெஜமாவே எனக்கு தெரியல.

இன்னொன்னும் இருக்கு. காரை உள்ள விடமாட்டாங்க, ஷட்டில்ல தான் போகணும், ஏஞ்சல்ஸ் லேண்டிங்னு ஒரு மலைமுகடு, அதுல ஏற லாட்டரி, சில மலைச்சுவர்ல ஏறவே கூடாது, பாதையை விட்டு எறங்காதே, இப்படி திரும்புற பக்கமெல்லாம் ரூல். இதெல்லாம் உயிரினங்களைக் காப்பாத்தவா, இல்ல கூட்டத்தைச் சமாளிக்கவா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, அவளுக்கு நான் சரியா விளக்கணும். கூகுள்ல தேடுனா ஹோட்டல் விளம்பரம்தான் வருது.

கல்லும்நீரும் எழுதியது:

உங்க பொண்ணு கேட்டதுல இருந்தே ஆரம்பிக்கிறேன். அது பாறை மாதிரி தெரியுற தண்ணித்தொட்டி, அப்படி நெனைச்சா மத்தது எல்லாம் புரிஞ்சிடும்.

அந்த உயரமான செவுரு எல்லாம் நவாஹோ மணற்கல். டைனோசர் காலத்துல, சுமார் 18 கோடி வருஷத்துக்கு முன்னாடி, அங்க பெரிய பாலைவனம், மணல்மேடு மேல மணல்மேடா குவிஞ்சு இறுகி கல்லா போனது, சில இடத்துல 2,000 அடி கனம். கல்லானாலும் மணல் மணல்தான், துகளுக்கு நடுவுல இடைவெளி இருக்கும், மேல பெய்யுற மழையும் உருகுற பனியும் அது வழியா மெதுவா எறங்கும். அதுக்கு அடியில கயென்டான்னு வேற அடுக்கு, களியும் வண்டலும் கலந்தது, அது தண்ணியை அவ்வளவு லேசுல கீழ விடாது. அப்ப எறங்கி வந்த தண்ணி என்ன பண்ணும், பக்கவாட்டுல நகந்து செவுத்துல வந்து கசியும். வீப்பிங் ராக்னு ஒரு இடம் இருக்கு, அங்க நம்ம தலையில சொட்டுற தண்ணி ஆயிரம் வருஷத்துக்கு மேல பாறைக்குள்ள இருந்துட்டு வருதுன்னு கணக்குப் போட்டு சொல்றாங்க. ராஜராஜ சோழன் காலத்துல அங்க பெஞ்ச மழை, அப்படின்னு பொண்ணுக்கு சொல்லுங்க, மறக்கவே மாட்டா.

அந்தக் கசிவு இருக்குற எடத்துல எல்லாம் செவுத்துலயே தோட்டம் தொங்கும். மெய்டன்ஹேர் பெரணி, மஞ்சள் கொலம்பைன், செவப்பு மங்கிஃப்ளவர், ஷூட்டிங் ஸ்டார், பாசி, எல்லாம் மண்ணே இல்லாம பாறை விரிசலைப் புடிச்சுக்கிட்டு நிக்கும். பத்தடி தள்ளி கள்ளிச்செடி காஞ்சு கெடக்கும், இங்க பெரணி நனைஞ்சு தொங்கும், நேர்ல பாக்கும்போது அது எனக்கு பெரிய ஆச்சரியமா இருந்துச்சு. அந்த ஈரச் செவுத்துல தான் சயான் நத்தை இருக்கு. உலகத்துல வேற எங்கயும் கெடையாது, இந்த ஒரு கேன்யன்ல, அதாவது பள்ளத்தாக்குல, நேரோஸ்னு ஆறு குறுகி ஓடுற பக்கம் இருக்குற ஈரச் செவுருங்கள்ல மட்டும். ஓட்டோட சேத்து பருப்பு அளவு கூட வராது, ஆனா ஒடம்போட அளவுக்கு காலு ரொம்பப் பெருசு, ஏன்னா தண்ணி வழியுற செங்குத்துச் செவுத்துல வழுக்காம ஒட்டிக்கிட்டு பாசியை மேயணும். ப்ராஜெக்டுக்கு ஒரே ஒரு உயிரினம் எடுக்கணும்னா நான் இதைத்தான் எடுப்பேன். மான் எல்லா ஊர்லயும் இருக்கு.

மத்தபடி ஏன் இவ்ளோ வகை உயிர்னா, பார்க்குக்குள்ள தாழ்வான எடம் 3,700 அடிக்கும் கீழ, உச்சி 8,700 அடிக்கும் மேல. மொஹாவி பாலைவனம், கிரேட் பேசின், கொலராடோ பீடபூமி, மூணும் வந்து முட்டுற எடம் வேற. அதனால கீழ பாலைவன ஆமை, நடுவுல பின்யன் ஜூனிபர் காடு, மேல பாண்டரோசா பைனும் ஆஸ்பெனும். செடி வகை மட்டும் 1,000க்கு மேல, பறவை 290 சொச்சம், பாலூட்டி 78ன்னு பார்க் கணக்கு சொல்லுது.

தண்ணியைப் பத்தி இன்னொன்னு சொல்லியே ஆகணும். பார்க் எல்லைக்கு வெளிய, மேல்பக்கம், யாராவது பெரிய அணை கட்டுனாலோ போர் போட்டு உறிஞ்சுனாலோ இந்தக் கசிவு, ஆறு ரெண்டும் போச்சு. அதனால 1996ல மத்திய அரசும் யூட்டா மாநிலமும் உள்ளூர் தண்ணி அமைப்புகளும் ஒக்காந்து தண்ணி உரிமை ஒப்பந்தம் போட்டாங்க. 2009ல வர்ஜின் ஆத்தையும் அதோட கிளைகளையும் சுதந்திரமா ஓடவேண்டிய ஆறுகள் பட்டியல்ல அமெரிக்க நாடாளுமன்றம் சேத்தது. அங்க வர்ற டூரிஸ்ட் யாருக்கும் இது தெரியாது, ஆனா நத்தை உயிரோட இருக்குறது இந்த மாதிரி காகிதத்தாலயும் தான்.

சிறகடி எழுதியது:

கல்லும்நீரும் அக்கா அடியில இருந்து சொல்லிட்டாங்க, நான் மேல இருந்து வர்றேன். பறவை பாக்குறதுதான் எனக்கு எல்லாமே, சயானுக்கு நான் போறதே கலிஃபோர்னியா காண்டாருக்காக.

சுருக்கமா சொல்ல முடியல, மன்னிச்சுக்கோங்க. வட அமெரிக்காவுலயே பெரிய தரைப் பறவை, றெக்கையை விரிச்சா ஒன்பதரை அடி. 1982ல உலகத்துல மொத்தம் 22 தான் மிச்சம். 1987ல வெளிய இருந்த கடைசிப் பறவையையும் புடிச்சு கூண்டுல வெச்சு இனப்பெருக்கம் பண்ணாங்க, அப்ப எவ்வளவு திட்டு வாங்கிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க, காட்டுல ஒண்ணு கூட இல்லாம பண்ணிட்டீங்களேன்னு. 1996ல இருந்து அரிசோனாவுல வெர்மிலியன் க்ளிஃப்ஸ்ல கொஞ்சம் கொஞ்சமா தெறந்து விட்டாங்க. அதுங்க தானா பறந்து சயான் வரைக்கும் வந்துச்சு. 2019ல சயான் செவுத்துல ஒரு பொந்துக்குள்ள ஒரு குஞ்சு பொறிச்சது, இந்தத் திட்டம் ஆரம்பிச்சதுல இருந்து கணக்குல அது ஆயிரமாவது குஞ்சு. செப்டம்பர்ல அது பொந்தை விட்டு எறங்கிப் பறந்துச்சு. சயான்ல பொறிச்சு வெற்றிகரமா பறந்த முதல் குஞ்சும் அதுதான். அந்த செய்தி படிச்ச அன்னைக்கு நான் வேலையே பாக்கல.

ஏன் இவ்ளோ மெதுவா பெருகுதுன்னா, ஒரு தடவைக்கு ஒரே முட்டை, அதுவும் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம், ஜோடி சேரவே ஆறு வயசு ஆவணும். அதனால ஒரு பெரிய பறவை செத்தா அந்த எடத்தை நிரப்ப பல வருஷம். அதைக் கொல்றது முக்கியமா ஈயம். வேட்டைக்காரங்க மானை ஈயக் குண்டால சுட்டுட்டு குடலை அங்கயே விட்டுட்டுப் போவாங்க, குண்டு உள்ள தூள் தூளா சிதறிருக்கும், காண்டார் பொணம் தின்னுற பறவை, கூட்டமா எறங்கித் தின்னும், ஒரு குடல்ல பல பறவைக்கு விஷம் ஏறும். அதனால வருஷா வருஷம் புடிச்சு ரத்தம் பாத்து, ஈயம் ஏறியிருந்தா வைத்தியம் பண்ணி திரும்ப விடுறாங்க. கலிஃபோர்னியாவுல 2019ல இருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. யூட்டாவுலயும் அரிசோனாவுலயும் சட்டம் இல்ல, ஆனா மாத்துக் குண்டு கொடுத்து கேட்டுக்குறாங்க, நெறைய வேட்டைக்காரங்க மனசார ஒத்துழைக்கிறாங்க, அதையும் சொல்லணும். 2023ல பறவைக் காய்ச்சல் வந்து அரிசோனா யூட்டா கூட்டத்துல மட்டும் 21 செத்துப் போச்சு. அதுக்கப்புறம் காண்டாருக்கு தடுப்பூசி போட ஆரம்பிச்சாங்க. இப்ப உலகத்துல 500க்கு மேல இருக்கு, ஆனா ஒரு வருஷம் சறுக்கினா எவ்ளோ போகும்னு பாருங்க.

எங்க பாக்கலாம்னா, பிக் பெண்ட் ஷட்டில் ஸ்டாப்ல எறங்கி அண்ணாந்து பாருங்க. டர்க்கி வல்ச்சர் றெக்கையை வி மாதிரி தூக்கி வெச்சுக்கிட்டு தள்ளாடும், காண்டார் பலகை மாதிரி நேரா வெச்சுக்கிட்டு ஆடாம அசையாம போகும், றெக்கைக்கு அடியில முன்பக்கம் வெள்ளை முக்கோணம், றெக்கையில நம்பர் அட்டை கூட இருக்கும். பொண்ணு நம்பரைப் படிச்சுட்டா அந்தப் பறவை எங்க பொறந்ததுன்னு வரைக்கும் தேடலாம்.

அப்புறம் நீங்க கேட்ட மலைச்சுவர் ரூல். அது கூட்டத்துக்காக இல்லவே இல்ல. பெரெக்ரின் ஃபால்கன்னு ஒரு வல்லூறு, அது கூடு கட்டுற செவுத்துல மட்டும் மார்ச் 1ல இருந்து ஏற விடமாட்டாங்க. டிடிடி பூச்சிமருந்தால முட்டை ஓடு மெலிஞ்சு அடைகாக்கும்போதே ஒடைஞ்சு அந்த இனமே அழியப் பாத்துச்சு, 1972ல டிடிடியைத் தடை பண்ணாங்க, 1999ல ஆபத்துப் பட்டியல்ல இருந்து எடுத்தாங்க. எடுத்த பின்னாடியும் சயான்ல கூடு கட்டுற செவுத்தை மூடுறதை விடல. ஒவ்வொரு செவுரா கண்காணிச்சு, இந்த வருஷம் கூடு இல்லாததை சீக்கிரமே தொறந்துடுறாங்க, மத்தது குஞ்சு பறந்த பின்னாடி.

நெடுவழி எழுதியது:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஃபால்கன் விஷயம் சரி, ஒத்துக்குறேன். ஆனா லாட்டரி, ஷட்டில் ரெண்டும் கூட்டத்துக்கு தான். நான் மூணு தடவை லாட்டரி போட்டு மூணு தடவையும் கெடைக்கல, நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்து அடிவாரத்துலயே திரும்புனேன். எங்க அப்பாவுக்கு 68 வயசு, இன்னும் ரெண்டு வருஷம் போனா அவரால ஏற முடியாது. இயற்கையை ரசிக்கத்தானே பார்க், அதை ஆளுக்கு அனுமதிச் சீட்டு ஆக்கிட்டா சாதாரண குடும்பங்க எங்க போறது? பணக்காரங்கன்னா நெறைய நாள் தங்கி திரும்பத் திரும்ப போட்டுப் பாப்பாங்க.

பெரணிக்கொடி எழுதியது:

நெடுவழி ப்ரோ, அப்பா விஷயம் படிச்சு கஷ்டமா இருந்துச்சு. ஏறப் போறதுக்கு முந்தின நாள் போடுற லாட்டரி தனி, சீசன் லாட்டரி தனி, ரெண்டையும் போடுங்க, வார நாள்ல சான்ஸ் கூட. லாட்டரி 2022 ஏப்ரல்ல வந்தது, முக்கியமா சங்கிலி புடிச்சு ஏறுற அந்த ஒத்தையடி முதுகுல நெரிசல் ஆகி ஆபத்தா போனதால. 2021ல மட்டும் 50 லட்சம் பேர் வந்தாங்க, அந்த கேன்யன் அடிப்பகுதி எவ்ளோ குறுகல்னு உங்களுக்கே தெரியும். அதனால லாட்டரி கூட்டத்துக்குன்னு நீங்க சொல்றது பாதி சரி.

ஆனா "கூட்டம் வேற, உயிரினம் வேற"ன்னு பிரிக்கிறீங்க பாருங்க, அதுல தான் எனக்கு உடன்பாடு இல்ல. சயான்ல கூட்டம் தான் காட்டையே மாத்துச்சு. மலைச்சிங்கம், அதான் கூகர், அது ஆளைக் கண்டா ஒதுங்குற மிருகம். கேன்யனுக்குள்ள ரோடு வந்து ஜனம் வர ஆரம்பிச்சதும் அது மெயின் கேன்யனை விட்டு ஒதுங்கிடுச்சு. சிங்கம் இல்லாத எடம் மானுக்கு சௌகரியம், ஆளுங்க பக்கத்துலயே பயமில்லாம மேஞ்சு பெருகுச்சு. பெருகுன மான் ஆத்தங்கரையில மொளைக்கிற காட்டன்வுட் மரக் கன்னை எல்லாம் மொட்டை அடிச்சது. ஒரேகான் ஸ்டேட் யூனிவர்சிட்டியைச் சேர்ந்த வில்லியம் ரிப்பிளும் ராபர்ட் பெஷ்டாவும் 2006ல இதை ஆராய்ஞ்சு எழுதுனாங்க. மெயின் கேன்யனையும், அதே பார்க்ல ஆளு அதிகம் போகாத நார்த் க்ரீக்கையும் ஒப்பிட்டாங்க. நார்த் க்ரீக்ல சிங்கம் இருக்கு, மான் கம்மி, எல்லா வயசுலயும் காட்டன்வுட் இருக்கு, கரையில பூச்செடி, தவளை, பல்லி, பட்டாம்பூச்சி எல்லாமே கூட. மெயின் கேன்யன்ல கெழட்டு மரம் மட்டும் நிக்குது, இளசு காணோம். நீங்க லாட்ஜ் பக்கம் நிழலுக்கு ஒக்காரும் மரம் எல்லாம் அந்தக் கெழடுங்க தான், அதுக்கு அடுத்த தலைமுறை இல்ல.

மான் செடியைத் தின்னதால கரை மண்ணு அரிச்சது, கரை அரிச்சதால தவளைக்கு எடமில்ல, இப்படி ஒண்ணுல இருந்து ஒண்ணு. இதுல யாரும் துப்பாக்கி எடுத்து சுடல, மரம் வெட்டல. சும்மா நடந்து போனோம், அதுவே போதுமா இருந்துச்சு. நான் போகவே கூடாதுன்னு சொல்லல, நானே வருஷம் ஒருதரம் போறேன். ஆனா எத்தனை பேர், எந்த எடத்துல, எப்பன்னு ஒரு கட்டுப்பாடு வேணும்னு அதுலேந்து எனக்கு தோணிடுச்சு.

ஷட்டிலும் அப்படித்தான். 2000ல அது வர்றதுக்கு முன்னாடி பார்க்கிங் கெடைக்காம ரோட்டோரம் செடி மேலயே வண்டியை ஏத்தி நிறுத்துவாங்க, புகை, சத்தம். இப்ப ஷட்டில் எல்லாமே எலக்ட்ரிக், ஸ்டாப்ல நின்னாலே கேன்யன் ரென் குருவியோட பாட்டு மேலேர்ந்து கீழ எறங்குற மாதிரி கேக்கும்.

கல்லும்நீரும் எழுதியது:

பெரணிக்கொடி, நீங்க சொன்ன ஆராய்ச்சி எனக்கும் புடிக்கும், ஆனா காட்டன்வுட் பழியை முழுக்க மான் மேல போட்டுட முடியாது. ஆத்தையும் பாக்கணும்.

காட்டன்வுட் விதை பஞ்சு மாதிரி பறக்கும், ஆனா அதுக்கு ஆயுசு ரொம்பக் கம்மி, ரெண்டு மூணு வாரத்துக்குள்ள ஈரமான வெறும் மணல்ல விழுந்தா தான் மொளைக்கும். அந்த வெறும் மணல் எங்கேந்து வரும், வெள்ளம் வந்து கரையைப் புரட்டிப் போட்டுட்டு வடியும்போது தான். சயான்ல 1930கள்ல லாட்ஜையும் ரோட்டையும் வெள்ளத்துலேந்து காப்பாத்த கம்பிக்கூடைக்குள்ள கல்லை அடைச்சு கரை கட்டி ஆத்தை ஒரே பக்கமா ஒதுக்கிட்டாங்க. வேலை பாத்த பசங்க நல்ல மனசோட தான் பாத்தாங்க, அந்தக் காலத்துல அதுக்குப் பேரே பாதுகாப்பு. ஆனா ஆறு பக்கவாட்டுல அலைய முடியாம ஒரே கால்வாய் மாதிரி ஆழமா அறுத்துட்டுப் போயிடுச்சு. வெள்ளம் மேடான கரைக்கு ஏறுறது இல்ல, புது மணல் படியுறது இல்ல, அப்ப கன்னு எங்க மொளைக்கும்? மொளைச்ச ஒண்ணு ரெண்டை மான் தின்னுடுது. ரெண்டும் சேந்து தான்.

நான் ஏன் இதுல இவ்ளோ அழுத்துறேன்னா, சிங்கத்தைத் திரும்பக் கொண்டு வந்தா எல்லாம் சரியாயிடும்னு சிலர் சொல்றாங்க, ஆத்தை விடுவிக்காம வெறும் சிங்கத்தால மரம் வராது. ஆத்துல மீனும் இருக்கு பாருங்க, வர்ஜின் ஸ்பைன்டேஸ், ஃப்ளானல்மவுத் சக்கர், டெசர்ட் சக்கர், ஸ்பெக்கிள்ட் டேஸ்னு நாலு நாட்டு மீன், நாலும் செந்தண்ணி வெள்ளத்துக்கும் கோடை வறட்சிக்கும் பழகுனது. அதுங்களுக்கும் அலையுற ஆறு தான் வீடு.

பெரணிக்கொடி எழுதியது:

ஆமா அக்கா, ஒத்துக்குறேன். கரைக்கூடை விஷயத்தை நான் விட்டுட்டேன். நார்த் க்ரீக்ல யாரும் கரையும் கட்டல, அப்ப அந்த ஒப்பீட்டுலயே அதுவும் கலந்திருக்கும்ல. நல்லா யோசிக்க வெச்சிட்டீங்க.

ஓரநடை எழுதியது:

நான் பண்ண ஒரு தப்பைச் சொல்றேன், யாருக்காவது பிரயோஜனப்படும். அஞ்சு வருஷம் முன்னாடி கிழக்கு வாசல் பக்கம், செக்கர்போர்டு மேசா கிட்ட, போட்டோ எடுக்க பாதையை விட்டு எறங்கி மணல்ல நடந்தேன். கறுப்பா, மேடும் பள்ளமுமா, வெந்த அடை ஓரம் மாதிரி தரை இருந்துச்சு, மிதிச்சா மொறுமொறுன்னு நொறுங்குச்சு, எனக்கு அது சுகமா கூட இருந்துச்சு. பின்னாடி வந்த ரேஞ்சர் அம்மா கத்தல, திட்டல, பக்கத்துல வந்து குனிஞ்சு ஒரு துண்டைக் காட்டுனாங்க. அடியில மெல்லிசா நூல் நூலா மணலைக் கட்டிப் புடிச்சிருந்துச்சு. அது உயிருள்ள மண்ணு. சயனோபாக்டீரியாங்குற நுண்ணுயிர், பாசி, லைக்கன் எல்லாம் சேந்து மணலைக் கோத்து வெச்சிருக்கு, காத்துல பறக்காம, மழையில கரையாம, காத்துல இருக்குற நைட்ரஜனை எடுத்து மண்ணுக்குக் குடுக்குது. அந்த மணல்ல ஒரு செடி நிக்குதுன்னா இதை நம்பி தான். நான் வெச்ச காலடி ஆற பல பத்து வருஷம் ஆகும்னாங்க. திரும்பிப் பாத்தேன், நாப்பது அம்பது காலடி வரிசையா. இன்னும் அந்த போட்டோவை நான் யாருக்கும் காட்டல.

இன்னொன்னு, ஷூவைத் தட்டிட்டு வாங்க. சீட்கிராஸ்னு ஒரு வெளிநாட்டுப் புல், சாக்ஸ்ல கம்பி மாதிரி குத்திக்கிட்டு வரும். நாட்டுப்புல் கொத்து கொத்தா தள்ளித் தள்ளி இருக்கும், தீ புடிச்சா ஒண்ணுலேந்து ஒண்ணுக்குத் தாவாது. இந்தப் புல் நடுவுல எல்லாம் நெரவிடும், ஜூன்லயே காஞ்சு வைக்கோல் ஆகிடும், ஒரு பொறி போதும். எரிஞ்ச எடத்துல மொதல்ல மொளைக்கிறதும் அதுவே தான், அப்ப அடுத்த தீ இன்னும் சீக்கிரம் வரும். 2006ல சயான்ல கோலோப் தீன்னு ஒரு காட்டுத்தீ எரிஞ்சதுல இந்தப் புல்லுக்குப் பெரிய பங்கு. என் சாக்ஸ்லேந்து நான் எத்தனை விதை விட்டுட்டு வந்தேனோ தெரியாது, இப்ப வண்டியில ஒரு பழைய பிரஷ் வெச்சிருக்கேன், எறங்கும்போதும் ஏறும்போதும் தேய்க்கிறேன்.

கோடைமழை_ஃபீனிக்ஸ் எழுதியது:

இவ்ளோ வரும்னு நான் எதிர்பாக்கல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பொண்ணு பக்கத்துல ஒக்காந்து எல்லாத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டா, நத்தை தான் வேணும்னு முடிவே பண்ணிட்டா. சில சந்தேகம். அம்மாவால நெறைய நடக்க முடியாது, நத்தை இருக்குற ஈரச் செவுரு பாக்க ஏதாவது சுலபமான பாதை இருக்கா? பொண்ணு ஆத்துல எறங்கணும்னு ஆசைப்படுறா, எறங்கலாமா? அப்புறம் ஆமை, ஆடு பாக்க முடியுமா?

சிறகடி எழுதியது:

அம்மாவுக்கு ரிவர்சைடு வாக், கடைசி ஷட்டில் ஸ்டாப். போய் வர 2 மைல் சொச்சம், சிமெண்ட் பாதை, கிட்டத்தட்ட சமதரை, ஒக்கார எடம் இருக்கு. வலது பக்கச் செவுத்துல கசிவும் தொங்குற தோட்டமும் வரும். நத்தையைத் தேடி செவுத்தைத் தொடவோ பாசியை வழிக்கவோ வேண்டாம்னு பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அது பாக்க சின்ன கறுப்புப் புள்ளி மாதிரி தான், கை வெச்சா வீடே போயிடும். சின்ன பைனாகுலர் இருந்தா திருப்பிப் புடிச்சு பூதக்கண்ணாடி மாதிரி பாக்கலாம்.

ஆத்து விஷயத்துல கவனமா இருங்க. ஏப்ரல்ல பனி உருகி தண்ணி வேகமா வரும், நொடிக்கு 150 கன அடிக்கு மேல போனா நேரோஸை மூடிடுவாங்க. 2020ல ஆத்துல சயனோபாக்டீரியா விஷம் இருந்து ஒரு நாய்க்குட்டி செத்துப்போச்சு, அதுலேந்து பார்க் தொடர்ந்து சோதனை பண்ணி போர்டு வெக்குது. ஓரநடை சொன்ன மண்ணுல இருக்குற சயனோபாக்டீரியா காப்பாத்துது, ஆத்துக்கு அடியில பாய் மாதிரி படியுற வேற வகை நரம்பைத் தாக்குற விஷம் விடுது. தண்ணியை வாயில வெக்க வேண்டாம், தலையை முக்க வேண்டாம், ஃபில்டர் போட்டாலும் அந்த விஷம் போகாது. அன்னைக்கு போர்டுல என்ன போட்டிருக்கோ அதைப் படிச்சுட்டு முடிவெடுங்க.

பாலைவன ஆமை தென்மேற்கு மூலைல, தாழ்வான பகுதியில தான், 1990ல இருந்து ஆபத்துப் பட்டியல்ல இருக்கு. ஒருவேளை ரோட்டுல பாத்தா தூக்காதீங்க, பயந்து மூத்திரம் பேஞ்சுடும், அது அதோட மொத்த தண்ணிச் சேமிப்பு, வெயில்ல அது இல்லாம செத்துப்போயிடும். ஆட்டுக்கு சான்ஸ் ஜாஸ்தி, டனலைத் தாண்டி கிழக்குப் பக்கம் வழவழன்னு இருக்குற பாறைல பிக்ஹார்ன்னு காட்டுச் செம்மறியாடு நிக்கும். ஒரு காலத்துல சயான்ல ஒண்ணு கூட இல்லாம போய், 1970கள்ல நெவாடாவுல இருந்து கொண்டுவந்து விட்டது தான் இப்ப பெருகிருக்கு. அதுங்களுக்கு பெரிய பயம் வீட்டு ஆடு செம்மறியாடுகிட்டேந்து ஒட்டுற நிமோனியா, மூக்கும் மூக்கும் உரசுனாலே போதும்.

அணிலுக்கு ஒண்ணும் போடாதீங்க, அம்மா பாவம்னு ஏதாவது குடுக்கப் பாப்பாங்க. அது கையைக் கடிக்கும், நம்ம சாப்பாட்டை நம்பி குளிர்காலத்துக்கு சேத்து வெக்காம போயிடும்.

கோடைமழை_ஃபீனிக்ஸ் எழுதியது:

போயிட்டு வந்துட்டோம். ரிவர்சைடு வாக் தான் அம்மாவுக்கு புடிச்சது. ஈரச் செவுத்துக்கிட்ட ஒரு பெஞ்ச்ல ஒக்காந்து, சொட்டுற தண்ணியை உள்ளங்கையில ஏந்தி ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க, ஆயிரம் வருஷத்துத் தண்ணின்னு பொண்ணு சொல்லிட்டா. அப்புறம் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல.

நத்தை கெடைக்கல. முக்கா மணி நேரம் செவுத்துக்கு ஒரு அடி தள்ளி நின்னு பைனாகுலரைத் திருப்பிப் புடிச்சுப் பாத்தா, கறுப்புப் புள்ளி நெறைய இருந்துச்சு, எது நத்தை எது மண்ணுன்னு அவளுக்கும் தெரியல எனக்கும் தெரியல. ப்ராஜெக்ட்ல "நான் பாத்திருக்கலாம், உறுதியா தெரியாது"ன்னே எழுதிருக்கா. பெரணி படம் வரைஞ்சா, அடியில கயென்டா அடுக்கை வேற கலர் அடிச்சு காட்டிருக்கா. காண்டார் ரெண்டு பிக் பெண்ட்ல, நம்பர் படிக்க முடியல, ரொம்ப உயரம். லாட்ஜ் புல்தரையில மான் எட்டு, ஆளுங்களுக்கு நடுவுல சாவகாசமா மேஞ்சுச்சு, முன்னாடி இருந்தா அழகா இருக்கேன்னு போட்டோ எடுத்துட்டுப் போயிருப்பேன், இந்தத் தடவை அந்தக் கெழட்டு காட்டன்வுட்டுக்குக் கீழ சின்னக் கன்னு ஏதாவது இருக்கான்னு தேடுனேன். ஒண்ணும் காணல. நெடுவழி சார், உங்க அப்பாவுக்காக லாட்டரி வார நாள்ல திரும்பப் போடுங்க, எங்க பக்கத்துல நின்ன குடும்பத்துக்கு செவ்வாக்கிழமைக்கு கெடைச்சிருந்துச்சு.

கடைசியா ஒரு கேள்வி. ஆத்துக்கு நடுவுல கல்லு மேல சாம்பல் கலர்ல குண்டா ஒரு குருவி, முட்டி மடக்கி மடக்கி எழுந்திருக்குற மாதிரி ஆடிக்கிட்டே இருந்துச்சு, திடீர்னு தண்ணிக்குள்ள எறங்கி நடந்தே போயிடுச்சு, முழுகிடுச்சுன்னு பொண்ணு அழப் பாத்தா, கொஞ்ச தூரம் தள்ளி வெளிய வந்துச்சு. அது என்ன?

சிறகடி எழுதியது:

அமெரிக்கன் டிப்பர்! கொடுத்து வெச்சவங்க. நெஜமாவே தண்ணிக்கடியில தான் நடக்கும், கல்லுக்கு அடியில இருக்குற பூச்சிப் புழுவைப் புடிச்சுத் தின்னும், கண்ணு மேல ஒரு வெள்ளை இமை சிமிட்டிச் சிமிட்டித் தெரியும். சுத்தமான, வேகமா ஓடுற தண்ணி இருந்தா தான் அது இருக்கும். எந்த வளைவுல பாத்தீங்க, ஷட்டில் ஸ்டாப்லேந்து எவ்ளோ தூரம்? மே மாசம் நான் போறேன், அங்க கூடு இருக்கான்னு பாக்கணும்.